மூன்றாவது மருந்து

கரீமா கதவைச் சாத்திய விதத்திலேயே ஓதிலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல செய்தியோடு வருகிறவர்கள் கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்த மாட்டார்கள்.

"முசியே துபோக், குலுக்கல் முடிஞ்சிருச்சு. உங்களுக்கு ரெண்டு மருந்து," என்றாள் நர்ஸ் கரீமா.

"சரிம்மா," என்றார் ஃபெர்னான் துபோக். பஸ் கொஞ்சம் தாமதம் என்று கேள்விப்பட்டவர் மாதிரி தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"என்ன சரி?" அவர் மனைவி ஓதில் நாற்காலியை விட்டு எழுந்தாள். "யாரு குலுக்கினது? எங்க குலுக்கினாங்க? நான் பாக்கவே இல்லையே."

"பாரிஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர், மதாம். யார் கையும் அதுல படாது."

"பாரிஸ்லயா. அப்ப விளங்கிடும்."

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒருவர் தன் மகளோடு போனில் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. தொண்டை கட்டிப்போன குரல்தான், ஆனால் உற்சாகம் குறையவில்லை. "மூணும்மா. எனக்கு மூணு மருந்தும் விழுந்திருக்கு." கரீமா சங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்தாள். அடுத்தவர் விவரத்தை அவள் சொல்லக்கூடாது. அவரே சொன்னால் அவள் என்ன செய்வாள்?

ஓதிலுக்கு அந்தக் குரலை நாற்பது வருஷமாகத் தெரியும். லுசியான் மயே. லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஆள் எடுக்கும் மேஸ்திரியாக இருந்தவர். "கம்ப்யூட்டருக்கும் மேஸ்திரியத்தான் தெரிஞ்சிருக்கு," என்றாள் வயிறெரிந்து.

ஃபெர்னானுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை ஒட்டி முளைத்து, இடது பக்கக் குரல் நாணைக் கவ்வி அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தது. முன்பெல்லாம் இந்த நிலையில் வருகிறவர்களுக்கு ஒரே வழிதான். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியே. பிறகு, முதலில் கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கட்டி சுருங்கி, நாண் மறுபடி அசைந்தால் கத்தி வேண்டாம், கதிர்வீச்சு வைத்துக்கொள்ளலாம், குரலும் தப்பும். அசையாவிட்டால் கத்திதான். இதுவரை இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது மூன்றாவதையும் சேர்த்தால் இன்னும் பல தொண்டைகள் தப்புமா, அல்லது இன்னும் பல ஆட்கள் சாவார்களா என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வு நடந்தது. சம்மதித்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு, பாதிப் பேருக்கு மூன்று. யாருக்கு எது என்று குலுக்கல்.

ஃபெர்னானின் குரல் சாதாரணக் குரல் இல்லை. யூனியன்காரர். ஒலிபெருக்கி பழுதான நாட்களில் அவர் கப்பலடியில் நின்று பேசினால் கிரேன் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும் என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு எங்கே என்று கேட்டால் மாடிவீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். அதை எத்தனையோ தடவை ஓதில் திட்டியிருக்கிறாள். இப்போது அந்தக் குரல் போய்விடுமோ என்று நினைத்தாலே அவளுக்குக் கைகால் ஓடவில்லை.

சம்மதத்தில் கையெழுத்துப் போடும்போது டாக்டர் வொக்லேனிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க யாரையாவது கை காட்டுவீங்களா?"

"இல்ல. நான் ஆசைப்பட்டாலும் முடியாது," என்றார் அந்த இளம் டாக்டர்.

"அப்ப பேனாவைக் குடுங்க."

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் துறைமுகக் கொட்டகையில் விடியற்காலையில் கூலிகள் வட்டமாக நிற்பார்கள். நடுவில் மேஸ்திரி நின்று விரலை நீட்டுவான். நீ, நீ, அப்புறம் நீ. விரல் படாதவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மேஸ்திரி வீட்டுக்கு ஆப்பிள் சாராயம் அனுப்பியவன், அவன் தோட்டத்தைக் கொத்திக் கொடுத்தவன், அவன் வாயைப் பார்த்துச் சிரித்தவன், இவர்கள் மேல் எல்லாம் விரல் தவறாமல் படும். மூத்தவள் பிறந்திருந்த சமயம் ஓதிலும் ஒரு கொழுத்த முயலைத் துணியில் சுற்றி மேஸ்திரி மயே வீட்டுக்கு அனுப்பினாள். ஃபெர்னானுக்குத் தெரிந்துவிட்டது. போய் மயேவின் மனைவி கையிலிருந்தே முயலைத் திரும்ப வாங்கிவந்தார். அதற்குள் பாதி தோலுரித்திருந்தார்கள். அன்று ஆரம்பித்த சண்டை, அந்த வட்டத்தை உடைத்து முறைப்படி ஆள் எடுக்கும் வழக்கம் வரும்வரை ஓயவில்லை. விரல் இல்லாத குலுக்கல் என்றதும் அவருக்கு அது தன் யூனியனே நடத்துகிற காரியம் மாதிரிப் பட்டது. மனிதருக்குப் பைத்தியம் என்று ஓதில் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

கீமோ தொடங்கியது, மொத்தம் மூன்று சுற்று. படுக்கவைத்து நாள் முழுக்கத் தண்ணீர் ஏற்றி, பிறகு மருந்து ஏற்றுவார்கள். ஃபெர்னான் வாந்தியெடுத்தார், காதில் விசில் கேட்கிறது என்றார், வாயெல்லாம் புண்ணானது. விழுங்க முடியாமல் போனதால் வயிற்றில் குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த நாட்களில் ஓதில் சூப்பை வடிகட்டிப் பெரிய சிரிஞ்சில் எடுத்துக் குழாயில் விடுவாள். ஞாயிற்றுக்கிழமை சூப்புக்குப் பின்னால் ஒரு சொட்டு சாராயமும் விடச்சொல்லிக் கேட்பார். ருசி தெரியாதே என்றால், வயிற்றுக்குத் தெரியும் என்பார்.

பக்கத்து அறை மயேவுக்கு முடியெல்லாம் கொட்டியது, புருவம் உட்பட. நடுவில் ஒருமுறை வெள்ளை அணு இறங்கி, காய்ச்சல் ஏறி, பாதிரியாரைக் கூப்பிடலாமா என்று மகள் அழுதுகொண்டு நின்றாள். ஓதில் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள். ஆனால் மயே பிழைத்துக்கொண்டார். இரண்டாவது சுற்று முடிந்து ஒருநாள் நடைபாதையில் அவர் "போன்ஜூர் ஓதில்" என்றபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்டைக்கட்டு போயிருந்தது. பழைய மேஸ்திரியின் குரல், சுத்தமாக.

அன்றே டாக்டர் ஃபெர்னானின் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். நாண் கட்டை மாதிரி அப்படியே நின்றது. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது, பார்க்கலாம் என்றார்.

ஓதில் பார்த்துக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் டாக்டரை மடக்கினாள். வாலிபத்தில் அவள் துறைமுகக் கிடங்கில் காப்பிக்கொட்டை பொறுக்கியவள். அவர் கையிலிருந்த கோப்பையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுல பாதி சொத்தைக் கொட்டை. குடிக்காதீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மூணு மருந்து நல்லதா, ரெண்டு நல்லதா?"

"தெரியாது, மதாம். நிஜமாவே தெரியாது. தெரிஞ்சா எதுக்குக் குலுக்கறோம்? மூணாவது சேத்தா காய்ச்சல்லயே போயிடறவங்களும் இருக்காங்க."

"உங்க அப்பாவுக்கு வந்திருந்தா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நடைபாதையின் இரு முனைகளையும் பார்த்தார்.

"மூணு குடுப்பேன். குடுத்துட்டுத் தூக்கம் வராம பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

"அந்த மருந்து இங்க இருக்கா?"

"இருக்கு. மார்புப் புற்றுக்குக் குடுக்கறோம்."

"அப்புறம் என்ன?"

"உங்க வீட்டுக்காரர் எப்ப வேணாலும் ஆய்வுல இருந்து விலகலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். விலகிட்டா எதைக் குடுக்கறதுன்னு நான் முடிவு பண்ணலாம். ஆனா அத அவர் வாயால சொல்லணும்."

ஓதில் கிட்டத்தட்ட ஓடினாள். ஃபெர்னான் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கரகரத்த குரலில் சிரித்தார்.

"ஆக, முயலைத் தூக்கிட்டுப் போயிட்ட."

"யோவ், இது தொண்டைய்யா. கூலி வேலை இல்ல. இன்னிக்குப் போனா நாளைக்குக் கிடைக்கறதுக்கு."

"எனக்கு முன்னாடி ரெண்டு விழுந்தவன் எத்தன பேரு? அவனுக்கெல்லாம் பொண்டாட்டி இல்லையா? காப்பி மெஷின் பக்கத்துல டாக்டரப் பிடிக்கத் தெரியாதவ பொண்டாட்டியே இல்லையா?"

"அவங்க எக்கேடு கெட்டா எனக்கென்ன."

"எனக்கென்னன்னுதான் அன்னிக்கும் ஒவ்வொருத்தனும் வட்டத்துல நின்னான். நான் பின்வாசல் வழியா போக மாட்டேன் ஓதில். போனா நாப்பது வருஷம் நான் கத்தினதெல்லாம் குப்பை."

"அந்தக் கத்தலத்தான்யா காப்பாத்தப் பாக்கறேன்," என்றாள் அவள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தை அவள் கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாள், பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள். அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

மூன்றாவது மருந்து எதிலிருந்து வருகிறது என்று கரீமா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். இஃப் மரத்து இலையிலிருந்து. நார்மண்டியில் கல்லறைத் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்குமே, அதே கறுத்த மரம். அதன் ஊசியிலைகளை வண்டி வண்டியாக வாங்கி ஆலையில் சாறெடுக்கிறார்களாம். கேட்டது ஓதிலின் காதிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவது சுற்றுக்கு முந்தின வாரம் அவள் பஸ் பிடித்துத் தங்கை ஊருக்குப் போனாள். தங்கை வீட்டுக்குப் போகவில்லை. மாதா கோவில் பின்புறம் போய், செத்தவர்களுக்கு நடுவே நின்றிருந்த கிழட்டு மரத்திலிருந்து ஒரு கைப்பை நிறைய இலை பறித்தாள். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும், குதிரையை அந்த மரத்தடியில் கட்டக்கூடாது. ஒரு வாய் மேய்ந்தாலும் காலை நீட்டிவிடும். ஓதிலுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் கணக்கு வேறு. ஆஸ்பத்திரியில் ஏற்றுவது மட்டும் என்ன பழச்சாறா? அதுவும் விஷம்தான், கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். நானும் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். அவர் பின்வாசலுக்கு வரமாட்டார் என்றால் பின்வாசல் அவரிடம் வரட்டும்.

அன்று மதியம் சூப்பைக் குழாயில் விட்டு முடித்தாள். பிறகு சிரிஞ்சைக் கழுவி, இலையைக் காய்ச்சி அடுப்பின் பின்னால் மூடிவைத்திருந்த சட்டியிலிருந்து பச்சையும் பழுப்புமான தண்ணீரைச் சிறிதளவு எடுத்தாள். குழாயின் மூடியைத் திறக்கும்போது ஃபெர்னான் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன அது?"

"கீரைத் தண்ணி."

"என்ன கீரை?"

அவளுக்குப் பொய் வரவில்லை. எந்தக் காலத்திலும் அவரிடம் அவள் பொய் சொல்லி நின்றதில்லை.

"மூணாவது மருந்து," என்றாள்.

அவர் சிரிஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்தார். அவர் அப்பாவின் குதிரை அந்த இலையைத் தின்றுதான் செத்தது. கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. எழுந்து, வயிற்றுக்குழாய் தொங்கத் தொங்க நடந்து, சிரிஞ்சில் இருந்ததையும் சட்டியில் இருந்ததையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து வெகுநேரம் ஓடவிட்டார்.

"ஆலைல அளந்து, சுத்தம் பண்ணிக் குடுத்தே மயே சாகக் கிடந்தான். இத உள்ள விட்டிருந்தா சாயங்காலம் நீ பொணத்துக்குச் சட்டை மாட்டிட்டு இருப்ப. இதுக்குப் பேர் கொலைடி."

"நீ பண்றதுக்குப் பேர் என்ன? நாளைக்கு நீ ஊமையா உக்காந்திருப்ப. நான் யாரோட சண்ட போடறது? சொல்லு. யாரோட?"

சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நோய் வந்த நாளிலிருந்து அதுவரை அவள் அழுததில்லை. ஃபெர்னான் அவளருகில் உட்கார முயன்று, முழங்கால் மடங்காமல், நின்றபடியே அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டார். அந்தச் சட்டியைத் தெருவோரக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றி யாரிடமும், டாக்டரிடம்கூட, அவர் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது சுற்றும் ஆனது. மயக்கம் கொடுத்துக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. நாண் அசையவில்லை. ஆய்வின் விதி விதிதான், கத்தி என்றார் டாக்டர் வொக்லேன். சொல்லும்போது அவர் ஓதிலின் முகத்தைப் பார்க்கவில்லை. மயேவின் நாண் அசைந்துவிட்டது, கதிருக்குப் போகிறார் என்பதை அன்று மாலையே நடைபாதை முழுக்கத் தெரிந்துகொண்டது, அவரே சொன்னதால்.

அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போன காலையில் ஃபெர்னான் வழியெல்லாம் பேசினார். துறைமுக நிர்வாகத்தைத் திட்டினார், மந்திரிகளைத் திட்டினார், ஆஸ்பத்திரிக் காப்பியைத் திட்டினார். மயேவின் அறைக்கு முன்னால் தள்ளுவண்டியை நிறுத்தச்சொல்லி, "டேய் மேஸ்திரி, அந்தத் தொண்டைய வச்சு ஒழுங்கா எதாச்சும் பேசு," என்றார். தள்ளுகிற பையன் காது சிவக்க நடந்தான். கடைசிக் கதவருகே வந்ததும் அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஓதில், அழுதேன்னா கொன்னுடுவேன்."

அவர் சொந்தக் குரலில் அவள் கேட்டது அதுதான் கடைசி. அவள் அழவில்லை. கதவு மூடிய பிறகும் அழவில்லை, பிடிவாதத்தில்.

அதன் பிறகு கதிர், புண், இருமல், கழுத்துத் துளையில் சளி, எல்லாம் பட்டார்கள். தொண்டைக்குள் ஒரு சின்ன வால்வு வைத்தார்கள். கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டால் ஏப்பத்தையும் பேச்சையும் கலந்த மாதிரி ஒரு சத்தம் வரும். அதை வைத்தே ஃபெர்னான் யூனியன் கூட்டத்துக்குப் போனார். முதல் தடவை கொட்டகையே அமைதியாக இருந்தது, பரிதாபத்தில். அவர் விரலை வைத்துக்கொண்டு, "எவனாச்சும் கைதட்டினா செருப்பு பறக்கும்," என்றார். பிறகுதான் சிரித்தார்கள். அதற்காக ஓதில் சமாதானமாகிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். சந்தையில் மயே மீன்காரியோடு பேரம் பேசும் சத்தம் கேட்டால் அவள் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

சில வருஷம் கழித்து, வழக்கமான பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் வொக்லேன் இருவரையும் உட்காரச் சொன்னார். அவருக்கும் காதோரம் நரைத்திருந்தது.

"ஆய்வு முடிவு வந்திருச்சு. மத்தவங்க மூலமாத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு நினைச்சேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு மருந்துதான் மேல். அதுல குரல் தப்பினவங்க கணிசமா அதிகம்."

ஓதிலுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

"நான் அன்னிக்கே கேட்டேன். காப்பி மெஷின் பக்கத்துல நின்னு கேட்டேன். உங்க அப்பாவுக்குக் குடுத்திருப்பீங்க, இவருக்கு மட்டும் குலுக்கல். இந்த மனுஷன் யூனியன் பேசினார்."

டாக்டர் தலைகுனிந்தார். ஃபெர்னான் மட்டும் நிதானமாகக் கட்டைவிரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

"இனிமே வர்றவனுக்கு?"

"எல்லாருக்கும் மூணுதான்."

"குலுக்கல்?"

"இல்ல. தேவையில்ல."

ஃபெர்னான் மனைவி பக்கம் திரும்பினார். அவருக்கு நீளமாகப் பேசினால் மூச்சு வாங்கும். துண்டு துண்டாகத்தான் வந்தது.

"மூணு மேல்னு எப்படித் தெரிஞ்சுது? எத விட மேல்? எங்கள விட. ரெண்டு வாங்கி, தொண்டைய விட்டவங்கள விட. நான் நழுவி, மத்தவனும் நழுவியிருந்தா, இன்னும் குலுக்கிட்டே இருப்பாங்க."

அவர் சொல்வது சரி என்பது ஓதிலுக்குப் புரிந்தது. புரிந்ததற்காக அவர் மேல் கோபமும் வந்தது. கையைப் பையில் விட்டுக் கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். கசாப்புக்கடைக்காரன் மாதிரி தடித்த கைகள். காரை எங்கேயோ தப்பான இடத்தில் நிறுத்திவிட்டதற்காக மனைவியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். குரல் கரகரத்துக் கட்டிப்போயிருந்தது. அந்தக் கரகரப்பை ஓதில் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வாள். அவன் மனைவி எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூசிப்போய், மெதுவாப் பேசு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

ஓதில் அவர்கள் முன்னால் போய் நின்றாள். ஃபெர்னான் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"விடும்மா, அவன் கத்தட்டும்," என்றாள் அந்தப் பெண்ணிடம். பிறகு அவனைப் பார்த்து, "நல்லா சத்தமாத் திட்டு, தம்பி. அது என் புருஷன் குடுத்த தொண்டை."